க்ளீவ்லேண்டுக்கு நேரா ஒரு ஃப்ளைட்

"உங்க ஊர்ல ஒரு புள்ள வெளிநாடு கிளம்பினா முந்தின நாள் ராத்திரி வீட்ல என்ன பண்ணுவீங்க"ன்னு அந்தப் பாட்டி என்னைக் கேட்டாங்க. நைட் டூட்டி, மணி ரெண்டு இருக்கும், அவங்களுக்குத் தூக்கம் வரல, நான் பிபி பாத்துட்டு அப்படியே பக்கத்துல உக்காந்திருந்தேன். நான் டப்ளின்ல ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸ், சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். நான் கிளம்புன ராத்திரி அம்மா முறுக்கு சுட்டாங்க, சித்தப்பா பெட்டியத் தூக்கித் தூக்கி நாலு தடவை எடை போட்டாரு, பக்கத்து வீட்டு அத்தை வந்து ஜெபம் பண்ணி நெத்தியில சிலுவை போட்டு விட்டாங்கன்னு சொன்னேன். பாட்டி கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "எங்க வீட்ல இழவு வீடு மாதிரி விடிய விடிய முழிச்சிருந்தாங்க"ன்னாங்க.

எனக்குப் புரியல. யாரு செத்தாங்கன்னு கேட்டேன். யாரும் சாகல, எங்க அப்பாவோட தங்கச்சி அமெரிக்கா போனா, அதுக்குத்தான்னாங்க.

அதுக்குப் பேரே அமெரிக்கன் வேக். அயர்லாந்துல யாராவது செத்துட்டா உடம்ப வீட்ல வச்சு ராத்திரி முழுக்க ஊரே கூட உக்காந்திருக்கும், டீ, புகையிலை, சாராயம், கதை, அழுகை எல்லாம் இருக்கும், அதுக்கு வேக்னு பேரு. அமெரிக்கா கிளம்புறவங்களுக்கும் உயிரோட இருக்கும்போதே அதையே பண்ணாங்க, ஏன்னா ரெண்டும் ஒண்ணுதான், போனா திரும்பி வரப்போறதில்ல. ராத்திரி ஃபிடில் வாசிச்சு ஆடிப் பாடி, விடியுற நேரத்துல அம்மா ஒப்பாரி வைக்க ஆரம்பிப்பாங்களாம், அப்புறம் ஊர் எல்லை வரைக்கும் கூடவே நடந்து போய் விட்டுட்டு வருவாங்க. டொனிகால் பக்கம் அந்த மாதிரி விட்டுட்டு வந்த ஒரு சின்னக் கல்பாலம் இன்னும் இருக்கு, அதுக்குப் பேரு கண்ணீர்ப் பாலம்.

நாங்க "போறேன்"னு சொல்ல மாட்டோம், "போயிட்டு வரேன்"னுதான் சொல்லணும், போறேன்னு வாயில வந்துட்டா அம்மா திட்டுவாங்கன்னு நான் பாட்டிகிட்ட சொன்னேன். அவங்களுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு, ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரிக்கு அப்புறம்தான் நான் இந்த ஊரு ப்ளேன் கதையத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ஏர் லிங்கஸ்னு பச்சைக் கலர்ல வால்ல மூணு இலைக் குருத்து போட்ட ப்ளேன், டப்ளின்ல வீட்டு மொட்டை மாடியில நின்னாலே தலைக்கு மேல போகும். அம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல ஜனம் இருக்குற நாடு, நம்ம சென்னை ஜனம்கூட கிடையாது. அந்த நாட்டுக் கம்பெனி ஒண்ணு நியூயார்க், பாஸ்டன், சிகாகோல ஆரம்பிச்சு நேஷ்வில், இண்டியானாபோலிஸ் வரைக்கும் நேரா ஃப்ளைட் விடுது. எப்படின்னு யோசிச்சா எனக்கு விடை அந்த இழவு ராத்திரியிலதான் ஆரம்பிக்குது. மொதல்ல இந்த ரூட் எல்லாம் ஜனம் போன வழியிலதான் போச்சு.

1845-ல உருளைக்கிழங்கு அழுகி வந்த பஞ்சத்துல பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதுக்கும் மேல ஜனம் நாட்ட விட்டே போச்சு. தெக்குல கோவ்னு ஒரு துறைமுகம், 1848-ல இருந்து 1950 வரைக்கும் அங்க இருந்து மட்டும் 25 லட்சம் பேர் கப்பல் ஏறிருக்காங்க. டைட்டானிக் கடைசியா நின்ன இடமும் அதுதான். நியூயார்க்ல எல்லிஸ் தீவுல குடியேற்ற ஆபீஸ் 1892 ஜனவரி 1 அன்னைக்குத் தொறந்தப்ப மொதல் ஆளா பேரு பதிஞ்சதும் கார்க் ஊர்ப் பொண்ணு ஆனி மூர்தான், 17 வயசு, ரெண்டு தம்பிங்களோட போயிருக்கா. ஒரு ஏர்லைன்ஸ்காரன் நோட்டுப் புஸ்தகம் எடுத்து எந்த ஊருக்குப் போனா ஆள் கிடைக்கும்னு கணக்குப் போட வேண்டிய வேலையே இல்ல, பாஸ்டன், நியூயார்க், சிகாகோன்னு நூறு வருஷமா லெட்டர் கவர் மேலயே எழுதியிருந்துச்சு.

ஆனா அப்படி இருந்தும் பத்து வருஷம் வீணாப் போச்சு, இந்த ஒரு விஷயம் எனக்கு இப்ப நினைச்சாலும் ஆத்திரமா வருது. ஏர் லிங்கஸ் 1936-ல ஒரு குட்டி ப்ளேன வச்சு டப்ளின்ல இருந்து பிரிஸ்டலுக்கு விட்டு ஆரம்பிச்ச கம்பெனி. போர் முடிஞ்சதும் அட்லாண்டிக் தாண்டணும்னு 1947-ல ஏர்லிண்டே ஏரன்னு தனிக் கம்பெனியே போட்டு, லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் ப்ளேன் அஞ்சு வாங்கி, ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து, 1948 மார்ச் 17, அதாவது செயின்ட் பேட்ரிக் திருநாள் அன்னைக்கு மொதல் ஃப்ளைட்னு நாள் குறிச்சு வச்சிருந்தாங்க. பிப்ரவரியில ஆட்சி மாறிடுச்சு. ஜான் காஸ்டெல்லோ தலைமையில வந்த கூட்டணி அரசாங்கம் செலவு தாங்காதுன்னு அத நிறுத்திட்டு அஞ்சு ப்ளேனையும் பிரிட்டிஷ் கம்பெனி பிஓஏசிக்கு வித்துட்டாங்க. தேதி குறிச்சு பந்தல் போட்ட கல்யாணம் நின்ன மாதிரி. பணம் இல்லாத நாடுதான், அந்தக் கணக்கையும் நான் தப்புன்னு சொல்லல, ஆனா அதுக்கு அடுத்து வந்த அம்பதுகள்தான் அயர்லாந்துக்கு ரொம்ப மோசமான காலம், அந்தப் பத்து வருஷத்துல மட்டும் நாலு லட்சம் பேர் வெளிய போனாங்க, பெரும்பாலும் இங்கிலாந்துக்கு, மத்தவங்க அமெரிக்காவுக்கு. 1961-ல எண்ணிப் பாத்தா மொத்த ஜனத்தொகையே 28 லட்சம்தான் இருந்துச்சு. அமெரிக்கா போனவங்களுக்கு 1958 வரைக்கும் சொந்த நாட்டு ப்ளேன் கிடையாது.

பாட்டியோட அண்ணன் போனது அப்பத்தான், 1957. அவங்க ஊரு மேற்கு ஓரத்துல மேயோ கவுண்டியில அக்கில்னு ஒரு தீவு, பாலம் போட்டு நிலத்தோட சேத்திருக்காங்க. வெஸ்ட்போர்ட்ல ரயில் ஏறி, மாறி மாறி கோவ் போய்ச் சேரவே ஒரு பகல் முழுக்கப் போயிடுச்சு, அப்புறம் கப்பல். போன இடம் ஓஹையோவுல க்ளீவ்லேண்ட். அக்கில்காரங்க அமெரிக்கான்னு சொன்னா அது க்ளீவ்லேண்ட்தான், மொதல்ல போனவன் இன்னொருத்தன இழுக்க, அவன் மச்சான இழுக்க, துறைமுகத்துலயும் இரும்பு ஆலையிலயும் வேலைன்னு மேற்குப் பக்கத் தெருவே அக்கில் தெருவா ஆயிடுச்சு, இப்ப ரெண்டு ஊரும் இரட்டை நகரம்னு அதிகாரபூர்வமாவே ஆயிட்டாங்க. ஒருத்தர் போய் ஒம்பது பேர கூட்டிக்கிட்டுப் போற கதை நமக்குப் புதுசா என்ன, எங்க தெருவுலயே குவைத்துக்கு அப்படித்தான் போனாங்க.

அண்ணன் கப்பல் ஏறின அடுத்த வருஷம், 1958 ஏப்ரல் 28, ஏர் லிங்கஸ் ஒருவழியா அயர்லாந்தோட மேற்குல இருக்குற ஷானன் ஏர்போர்ட்ல இருந்து நியூயார்க்குக்குப் பறந்துச்சு. சொந்த ப்ளேன் இல்ல, சீபோர்ட் அண்ட் வெஸ்டர்ன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்த சூப்பர் கான்ஸ்டலேஷன், நாலு விசிறி வச்சது. அதே வருஷம் அக்டோபர்ல பாஸ்டனுக்கும் ஆரம்பிச்சாங்க. கொடுமை என்னன்னா அதே அக்டோபர்லதான் பிஓஏசியும் அமெரிக்கக் கம்பெனி பான் ஆமும் அட்லாண்டிக் மேல ஜெட் விட ஆரம்பிச்சாங்க, அதாவது இவங்க பத்து வருஷம் லேட்டா கடைய விரிச்சாங்க, ஆறு மாசத்துலயே சரக்கு பழசாயிடுச்சு. ஆனா விடல. 1960 கடைசியில போயிங் 720 ஜெட், 1964-ல 707, 1971-ல ஜம்போ 747. ஒவ்வொரு ப்ளேனுக்கும் ஒரு புனிதரோட பேரு, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பாங்க. 1979-ல போப் இரண்டாம் ஜான் பால் அயர்லாந்து வந்துட்டு அப்படியே பாஸ்டன் போனது செயின்ட் பேட்ரிக்னு பேரு வச்ச அந்த 747-லதான், பாட்டி அதச் சொல்லும்போது தன் வீட்டு வண்டியில போப் போன மாதிரி சொல்வாங்க.

அவங்க அத்தை போனவ போனவதான். பார்சல் வரும், கிறிஸ்துமஸுக்கு டாலர் வரும், ஆள் வரல, அங்கயே புதைச்சாங்க. அண்ணன் 1965-ல வந்தாரு. க்ளீவ்லேண்ட்ல இருந்து நியூயார்க், நியூயார்க்ல இருந்து ராத்திரி ஃப்ளைட்டு, காலைல ஷானன். மூணு வருஷம் சேத்து வச்ச காசு டிக்கெட்டுக்குப் போச்சாம். ஷானன்ல கம்பி வேலிக்குப் பின்னாடி நின்ன அம்மா, அவர் படியில இறங்கும்போது அடையாளம் தெரியாம வேற ஒருத்தரப் பாத்து அழுதுக்கிட்டிருந்தாங்களாம். அந்த வீட்ல இருந்து அமெரிக்கா போயி திரும்பி வந்த மொதல் ஆளு அவர்தான்.

ஷானன் பத்திக் கொஞ்சம் சொல்லணும், அது இல்லாம இந்தக் கதை கிடையாது. பழைய ப்ளேன்களுக்கு ஐரோப்பாவோட மேற்கு ஓரத்துல எங்கயாவது எண்ணெய் போட்டே ஆகணும், அதனால நெறையக் கம்பெனி ப்ளேன் ஷானன்ல இறங்கும், உலகத்துலயே மொதல் டியூட்டி ஃப்ரீ கடை 1947-ல அங்கதான் வந்துச்சு, வச்சவர் பிரெண்டன் ஓ'ரீகன். ஜெட் வந்ததும் நிக்க வேண்டிய அவசியம் போயிடுச்சு, ஊரே வெறிச்சோடிடும்னு பயந்து 1959-ல ஏர்போர்ட்ட ஒட்டி வரி இல்லாத தொழிற்பேட்டை போட்டாங்க. அது போதாதுன்னு ஒரு விதியும் இருந்துச்சு: டப்ளின்ல இருந்து அமெரிக்கா போற ப்ளேன் எதுவா இருந்தாலும் ஷானன்ல இறங்கிட்டுத்தான் போகணும். டப்ளின்ல ஏறி அரை மணி நேரத்துல ஷானன்ல இறங்கி மறுபடி ஏறி, அதுக்கப்புறம்தான் அட்லாண்டிக். அமெரிக்கக் கம்பெனிங்க டப்ளினுக்கு வரவே யோசிச்சாங்க, ஏர் லிங்கஸுக்கு அது செலவுக்கு மேல செலவு. 1993-ல பாதிய தளர்த்தினப்ப ஷானன் இருக்குற கிளேர் கவுண்டி எம்பிக்கள் ரெண்டு பேர், டோனி கில்லீனும் ஷீலா டி வலேராவும், தன் கட்சிக்கே எதிரா நின்னாங்க. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஓப்பன் ஸ்கைஸ் ஒப்பந்தம் போட்டு 2008 மார்ச்ல அமலுக்கு வந்தப்பத்தான் அந்தக் கட்டாயம் முழுசாப் போச்சு.

கணக்கா பாத்தா அந்த விதி வளர்ச்சியக் கட்டிப் போட்ட கயிறுதான்னு நான் நினைக்கிறேன். ஆனா பாட்டிகிட்ட அதச் சொன்னா கோவம் வரும். "எங்க ஊர்ல இருந்து டப்ளின் எவ்வளவு தூரம்னு தெரியுமா உனக்கு, ஷானன் இல்லன்னா எங்க அம்மா எங்க அண்ணனப் பாத்திருக்கவே மாட்டா"ன்னாங்க. மேற்குல இருக்குறவங்களுக்கு அது கயிறு இல்ல, அவங்க பிடிச்சுக்கிட்டிருந்த கை. நான் அதுக்கு மேல பேசல.

எழுபதுகள்ல எண்ணெய் விலை ஏறினதும், வட அயர்லாந்துல குண்டுவெடிப்பும் சேந்து அட்லாண்டிக் ரூட்ல நஷ்டம்தான். எண்பதுகள்ல மறுபடி வேலை இல்லாம ஜனம் கிளம்புச்சு, விசா இல்லாமலே பாஸ்டன்லயும் நியூயார்க்லயும் கட்டட வேலை, புள்ள பாக்குற வேலைன்னு இருந்தவங்க அம்மா சாவுக்குக்கூட வர முடியல, வந்தா திரும்பிப் போக முடியாது. ப்ளேன் இருந்தும் வர முடியாத காலம் அது. அப்பத்தான் கனெக்டிகட் எம்பி புரூஸ் மாரிசன் 1990 சட்டத்துல வருஷத்துக்கு 16,000 விசா வீதம் மூணு வருஷம் அயர்லாந்துக்காரங்களுக்கு ஒதுக்க வச்சாரு. மாரிசன் விசான்னு சொன்னா இங்க அம்பது வயசுக்கு மேல இருக்குற யாருகிட்டயும் ஒரு கதை இருக்கும்.

2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் கம்பெனி மூடுற நிலைமைக்கே வந்துடுச்சு, அப்ப தலைமைக்கு வந்தவர் வில்லி வால்ஷ், அங்கயே பைலட்டா சேந்தவர், ஆளக் குறைச்சு, ரூட்டக் குறைச்சு, எப்படியோ தேத்தினாரு. 2006-ல பங்குச் சந்தைக்கு வந்துச்சு, 2015-ல பிரிட்டிஷ் ஏர்வேஸையும் வச்சிருக்குற ஐஏஜி குரூப் வாங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் ரூட்டு சரசரன்னு வளந்துச்சு. 2016-ல லாஸ் ஏஞ்சலிஸ், நியூவர்க், ஹார்ட்ஃபர்ட், 2017-ல மயாமி, 2018-ல பிலடெல்பியா, சியாட்டில், 2019-ல மினியாபோலிஸ்.

ஹார்ட்ஃபர்ட் வந்தப்ப எங்க வீட்ல கொண்டாட்டம். எங்க அக்கா அங்கதான் இருக்கா, அத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி ஐடியில. ஹார்ட்ஃபர்ட் இன்சூரன்ஸுக்குப் பேர் போன ஊரு, அதனாலயே அங்க நம்ம ஆளுங்க நெறைய. ஆனா அந்த ரூட்டு நமக்காகவும் வரல, பழைய ஐரிஷ் சொந்தத்துக்காக மட்டுமும் வரல, நஷ்டம் வந்தா ஈடு கட்டுறோம்னு கனெக்டிகட் மாநிலமே உறுதி குடுத்துக் கூப்பிட்டுச்சு. இப்பல்லாம் ஒரு நடுத்தர அமெரிக்க ஊருக்கு ஐரோப்பாவுக்கு நேரா ஃப்ளைட் வேணும்னா இப்படித்தான் கூப்பிடுறாங்க, ஏன்னா டப்ளின்ல இறங்கினா அங்க இருந்து பாரிஸ், ரோம், பெர்லின் எங்க வேணாலும் போகலாம். விடியக்காலைல ஏர்போர்ட் டெர்மினல் ரெண்டுல போய் நின்னு பாருங்க, அமெரிக்காவுல ராத்திரி கிளம்புன ப்ளேன் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா இறங்கும், அதுல வர்றவங்கள்ல நெறைய பேர் வெளிய வரவே மாட்டாங்க, அடுத்த ப்ளேனுக்கு உள்ளயே ஓடுவாங்க.

போறப்ப இன்னொரு வசதி. அமெரிக்கா இமிக்ரேஷன் டப்ளின்லயே முடிஞ்சுடும். ஷானன்ல 1986-லயே இமிக்ரேஷன் வந்துடுச்சு, 2009-ல கஸ்டம்ஸும் சேந்துச்சு, 2011-ல டப்ளின்லயும் முழுசா வந்துச்சு. நான் மொத தடவ போனப்ப செக்யூரிட்டி முடிச்சு, கீழ இறங்கி, மறுபடி செக்யூரிட்டி முடிச்சு, அமெரிக்கக் கொடி மாட்டின ஹாலுக்குள்ள நிக்கிறேன், அந்த ஆபீசர் கம்ப்யூட்டர்ல ஒரு போட்டோ காமிச்சு இது உங்க பெட்டியான்னு கேட்டாரு. நான் கவுன்டர்ல போட்ட பெட்டி, அம்மா கைப்பிடியில சிவப்பு ரிப்பன் கட்டி விட்டது, அப்படியே ஸ்க்ரீன்ல. உள்ள சாப்பாடு எதாவதுன்னாரு, நார்த்தங்கா ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்குன்னு ஒவ்வொண்ணா சொன்னேன், கறி ஏதும் இல்லியேன்னு மட்டும் கேட்டுட்டு ஸ்டாம்ப் அடிச்சு விட்டுட்டாரு. ஹார்ட்ஃபர்ட்ல இறங்கினா உள்ளூர் பஸ்ஸுல வந்த மாதிரி நேரா நடந்து வெளிய போறேன், அக்கா பார்க்கிங்ல வண்டியே நிறுத்தி முடிக்கல. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குற நமக்கு பத்து மணி நேரம் பறந்து களைச்சுப்போய் அந்தப் பக்கம் க்யூவுல நிக்குற பயம் என்னன்னு தெரியும், அதனால சொல்றேன், இது சின்ன விஷயம் இல்ல. ஏர் லிங்கஸுக்கும் இது பெரிய பலம், உள்நாட்டு ப்ளேன் மாதிரி இறங்கலாம்ங்கறதாலதான் 2013-ல நியூயார்க்ல ஜெட்ப்ளூன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனியோட டெர்மினலுக்கே மாறி, அங்க இருந்து கனெக்ஷன் குடுக்க முடிஞ்சுது.

அப்புறம் அந்தச் சின்ன ப்ளேன். என்னைக் கேட்டா இந்தக் கதையில ரொம்பப் பெரிய திருப்பம் இதுதான். ஏர்பஸ் ஏ330 ப்ளேன்ல 317 சீட்டு, அத தினமும் ரொப்ப நியூயார்க், பாஸ்டன் மாதிரி ஊரு வேணும். ஏ321எல்ஆர்ல 184 சீட்டுதான், நடுவுல ஒரே நடைபாதை, நம்ம சென்னை-டெல்லி ஃப்ளைட் மாதிரி, ஆனா எக்ஸ்ட்ரா டேங்க் வச்சு 7,400 கிலோமீட்டர் போகும். 2019-ல வந்துச்சு. 2024 டிசம்பர்ல வந்த அதோட அடுத்த மாடல் எக்ஸ்எல்ஆர் 8,700 கிலோமீட்டர். இதே ப்ளேன ஜெர்மனிக்காரன் வச்சாலும் அமெரிக்காவோட நடுப்பகுதிக்குப் போறது கஷ்டம், டப்ளின் மேற்கு ஓரத்துல இருக்குறதால ஆயிரம் கிலோமீட்டர் மிச்சம். ஐரோப்பாவோட கடைசி மூலைன்னு ஒதுங்கிக் கிடந்த நாடு, அதனாலயே ஜனம் பொழைப்பு இல்லாம போன நாடு, அந்த மூலைதான் இப்ப முன்வாசல் ஆயிடுச்சு. 2025-ல நேஷ்வில், இண்டியானாபோலிஸ் ரெண்டும் அந்த எக்ஸ்எல்ஆர்லதான் ஆரம்பிச்சாங்க. இண்டியானாபோலிஸ்ல எலை லில்லி மருந்துக் கம்பெனி தலைமை ஆபீஸ், அவங்க ஃபேக்டரி இங்க கின்சேல்லயும் லிமரிக்லயும் இருக்கு. அப்ப அது இழவு ராத்திரி போட்ட ரூட்டு இல்ல, மருந்து போட்ட ரூட்டு.

எல்லாம் நல்லதுன்னு சொல்லிட முடியாது. 2022-ல டப்ளின்ல புது ரன்வே தொறந்ததுல இருந்து அந்தப் பாதைக்குக் கீழ இருக்குற ஊர்க்காரங்க தூக்கம் இல்லன்னு சொல்றாங்க, அது நியாயமான குறை. வருஷத்துக்கு 32 மில்லியன் பேருக்கு மேல கூடாதுன்னு 2007-ல போட்ட வரம்பு ஒண்ணு கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு.

ஆனா 2023-ல வந்த ரூட்டு ஒண்ணு பழைய வழியில வந்துச்சு. க்ளீவ்லேண்ட். மாநிலம் ஊக்கத்தொகை குடுத்துத்தான் கூப்பிட்டாங்க, கம்பெனி மருந்து, ஆஸ்பத்திரி, பிசினஸ்னு காரணம் சொல்லலாம், எனக்கு அதப் படிச்சதும் அக்கில்தான் ஞாபகம் வந்துச்சு. நான் போய் பாட்டிகிட்ட சொன்னேன். நேராவான்னாங்க. நேராத்தான்னேன். நியூயார்க்ல இறங்க வேணாமான்னாங்க. வேணாம்னேன். ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அந்த வருஷ வெயில் காலத்துல அண்ணன் பேத்தி வந்தா. அண்ணன் எப்பவோ போய்ச் சேந்துட்டாரு. பொண்ணுக்கு இருபத்தி நாலு வயசு இருக்கும், காலைல இறங்கி டாக்ஸி புடிச்சு பெட்டியோட நேரா எங்க இல்லத்துக்கு வந்துட்டா, கண்ணெல்லாம் தூக்கம். பாட்டி அவ கைய எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, விரல் அண்ணனோடதுன்னாங்க. எவ்வளவு நேரம் ஆச்சு வரன்னு கேட்டாங்க. ஏழு மணி நேரம் கிட்டன்னா. பாட்டி என்னைப் பாத்து, "வெஸ்ட்போர்ட்ல இருந்து கோவ் போறதுக்கே அதவிட ஆச்சு"ன்னாங்க. அந்தப் பொண்ணு அக்கில் போய் பழைய வீட்டப் பாத்துட்டு, சுவர்ல இருந்து விழுந்த கல் ஒண்ணு பாட்டிக்குக் கொண்டாந்து குடுத்தா, இன்னொண்ணு க்ளீவ்லேண்டுக்கு எடுத்துக்கிட்டா.

கிளம்புற அன்னைக்கு மறுபடி வந்தா. நான் பாட்டி அழுவாங்கன்னு நினைச்சு டிஷ்யூ பாக்ஸ கிட்ட நகத்தி வச்சேன். பாட்டி கடிகாரத்தப் பாத்தாங்க. "நேரமாச்சு, கிளம்பு, அமெரிக்கா ஆபீசருங்க க்யூ ரொம்ப நீளமா இருக்குமாம், இவதான் சொன்னா, அந்தக் கல்லுக்கும் ஏதாவது கேப்பாங்க, எடுத்து வெளியவே வச்சுக்கோ"ன்னாங்க. அந்தப் பொண்ணு சரி சரின்னு முத்தம் குடுத்துட்டு ஓடினா. பாட்டி டீ ஆறிடுச்சுன்னு என்கிட்ட கப்ப நீட்டினாங்க.